சுவரா, சவ்வா?

படிவம் நான்கில் உயிரியல் எடுத்தவர்களுக்கு மூன்றாம் அத்தியாயம் ஞாபகம் இருக்கும். பிளாஸ்மா சவ்வின் ஊடாகப் பொருள்கள் போவதும் வருவதும். மலாய்ப் புத்தகத்தில் அங்கே ‘தெலாப் மெமிலிஹ்’ என்று ஒரு சொல் வரும். தேர்ந்தெடுத்து உள்ளே விடுவது என்று அர்த்தம். எஸ்.பி.எம். தேர்வுக்காக எல்லாரும் மனப்பாடம் பண்ணுவாங்க, எழுதுவாங்க, மறந்துவிடுவாங்க. நானும் பல வருஷமாக அதை டியூஷனில் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரிதான் இருந்தேன். போன வருஷம் மன்றத்தின் சமய வகுப்பு வாசலில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாடம் கொஞ்சம் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கச்சிகளே.

விலங்கு உயிரணுவுக்கும் தாவர உயிரணுவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பாதிப் பேர் எழுதும் பதில் இது: ‘விலங்குக்குச் சவ்வு இருக்கிறது, தாவரத்துக்குச் சுவர் இருக்கிறது.’ பாதி மதிப்பெண் போய்விடும். தாவரத்துக்கு இரண்டுமே உண்டு. வெளியே செல்லுலோஸால் ஆன சுவர், அதை ஒட்டி உள்ளே சவ்வு. விலங்குக்குச் சுவர் கிடையாது, வெறும் சவ்வுதான். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காத விஷயம் வேறொன்று. அந்தச் சுவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் அதன் இடுக்குகள் வழியாகத் தாராளமாகப் போய்வரும். சுவருடைய வேலை உருவத்தைப் பிடித்து வைப்பதும், உயிரணு வீங்கி வெடித்துவிடாமல் காப்பதும். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கணும் என்று தீர்மானிப்பது பின்னால் இருக்கிற மெல்லிய சவ்வு மட்டுமே.

மெல்லிய என்றால் எவ்வளவு? 7, 8 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனுக்கு அந்தச் சவ்வைப் பத்தாயிரம் தடவை அடுக்க வேண்டும். 1925-இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு பேர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பிப் பார்த்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்தது. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று கண்டுகொண்டார்கள். 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற அமெரிக்கர்கள் இன்னொரு படி போனார்கள். அந்தக் கொழுப்பு உறைந்து நிற்கவில்லை, எண்ணெய் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. புரதங்கள் அதில் மிதக்கின்றன என்றார்கள். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒரு நொடிக்குள் ஏறக்குறைய ஒரு கோடி தடவை பக்கத்து மூலக்கூறோடு இடம் மாறுகிறது. எல்லை என்று நாம் சொல்கிறோமே, அந்த எல்லையே ஓர் ஓட்டம்தான்.

இப்போது அந்தப் பழைய ஆய்வுக்கூடப் பரிசோதனை. வெங்காயத் தோலைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். சவ்வின் வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும். உள்ளிருக்கிற உயிர்ப்பொருள் சுருங்கி, சுவரை விட்டு விலகி, நடுவில் ஒரு உருண்டையாக ஒடுங்கிவிடும். சுவர் மட்டும் நாலு மூலையும் கெடாமல் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல உயிரணு மாதிரிதான் தெரியும். இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சில கோயில்கள் ஞாபகம் வரும். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கோபுரத்துக்குப் புது வர்ணம், மதிலுக்குப் புது இரும்புக் கதவு, சாயரட்சை பூஜைக்கு நாலு பேர்.

நம்ம மெர்சிங் சின்ன ஊர். ஆறு கடலில் சேரும் இடம். தியோமானுக்குப் போகிற சுற்றுப்பயணிகள் படகுத்துறைக்கு நேராக வந்து நேராகப் போய்விடுவார்கள். அலை வற்றியிருந்தால் படகு கிளம்பாது, அப்போது மட்டும் ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பார்கள். தமிழர்கள் நாம் கொஞ்சம் பேர். படிப்பு முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். மிச்சம் இருக்கிறவர்களை வைத்துத்தான் தேவார வகுப்பு, திருமுறை ஓதும் போட்டி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம். இந்த நிலைமையில் ‘நம்மை நாமே காப்பாற்றிக்கணும்’ என்று பெரியவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. பயம் பொய்யில்லை.

அந்தப் பயத்தில்தான் சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் சமய வகுப்புப் பதிவுப் பாரத்தில் ஒரு வரி சேர்ந்தது. ‘தாய், தந்தை இருவரும் இந்துக்களாக இருத்தல் வேண்டும்.’ யாரும் பெரிதாக விவாதிக்கவில்லை. செயற்குழுவில் நானும் இருந்தேன். கை தூக்கினேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினொரு வயசு இருக்கும். அப்பா தமிழர், சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அம்மா சீனர். தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், பதில் மலாயில் சொல்வார். அவர் பௌத்தராகவே இருந்துவிட்டார், அது அவர்கள் குடும்ப விஷயம். பையன் விநாயகர் துதியைப் பாட்டியிடம் கேட்டே பாடம் பண்ணியிருந்தான். எழுத்து மட்டும் வராது. பாரத்தை நிரப்பும்போது அந்த வரி வந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்ததோடு நிற்கவில்லை, விளக்கமும் சொன்னேன்: ‘முதலில் தமிழ் நல்லாப் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.’ பாரத்தில் தமிழைப் பற்றி ஒன்றுமே இல்லை. அது நானாகப் போட்ட மெருகு. அந்த அம்மா ஏற்கெனவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றிருந்தார். ‘தாக் அப்பா லா, சிக்கு’ என்று சொல்லிவிட்டு, குனிந்து மகனுடைய செருப்பை முதலில் எடுத்துக் கொடுத்தார்.

பரவாயில்லை சார் என்று சொன்னவரிடம் என்ன பதில் பேசுவது? நான் உள்ளே போய் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன்.

இதை மன்றத்தில் ஓர் அண்ணனிடம் சொன்னபோது அவர் என்னைத் தேற்றினார். அவர் சொன்ன காரணம் சாதாரணமானதில்லை. சைவ சித்தாந்தத்தில் உயிருக்கு ஓர் இயல்பு சொல்வார்கள்: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கு பக்கத்தில் இருக்கிற நிறத்தைக் காட்டுவது மாதிரி, உயிர் எதைச் சேர்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடும். ‘அதனாலதான் சேர்க்கையில கவனமா இருக்கணும். ஒரு வீட்டுல ரெண்டு வழிபாடு இருந்தா பையன் எந்தப் பக்கம் சாய்வான்னு யாருக்குத் தெரியும்? அவன் நம்ம பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிட்டா?’ என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சார்ந்ததன் வண்ணமாதல் என்பது அந்தப் பையனுக்கும் பொருந்தும்தானே? மலத்தோடு சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தோடு சார்ந்தால் சிவத்தின் வண்ணம். உயிர் மாறக்கூடியது என்பதுதான் அந்தக் கொள்கையின் முழு நம்பிக்கையே. அதை நாம் பாதியில் நிறுத்தி, நம் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பதற்கு மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டோம். வருகிறவன் நல்லவனாக ஆவான் என்பதற்கு ஏன் சாட்சியாக வைக்கவில்லை? நம்மிடம் இருக்கிற நிறம் அவ்வளவு வெளுத்ததா?

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால், ‘கதவே வேண்டாம், எல்லாம் ஒண்ணுதான்’ என்கிற கட்சிக்குப் போய்விடுவோம். இளைஞர்களில் நிறையப் பேர் அந்தக் கட்சி. எந்தச் சாமியைக் கும்பிட்டா என்ன, எந்த மொழியில் பாடினா என்ன, கும்பிடாவிட்டால்தான் என்ன. கேட்க நல்லாத்தான் இருக்கு. உயிரணுவிடம் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி குடலின் சுவரைக் கிழிப்பதில்லை, கடிப்பதில்லை. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற மருத்துவர் 1959-இல் அந்த நஞ்சு இருப்பதைக் காட்டினார். நஞ்சு குடல் உயிரணுவின் சவ்வில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரே ஒரு காரியம் செய்கிறது. உப்பின் ஒரு பாகமான குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்து, மூடவிடாமல் செய்துவிடுகிறது. உப்பு வெளியே ஓடுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் ஓடுகிறது. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை. காலையில் நன்றாக நடந்த மனுஷன் சாயங்காலம் இருக்கமாட்டான். மூட முடியாத ஒரு வாசல், அவ்வளவுதான் நோய்.

இந்தக் கதையின் அடுத்த பாகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த வாசலை மூடும் மருந்து கையில் இல்லை. ஆனால் அதே சவ்வில் இன்னொரு வாசல் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். சர்க்கரை தனியாக வந்தால் விடாது, உப்பு தனியாக வந்தாலும் விடாது. 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். காலரா அந்த வாசலைத் தொடுவதில்லை. அதன் வழியாக உப்பும் சர்க்கரையும் உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும்.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போர். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரம் பன்காவ் என்ற ஊர் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் அப்போது ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதை வாயால் குடிக்கக் கொடுப்பது. கொடுத்தது யார்? நர்ஸுகள் போதவில்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்துப் பாயில் இருந்தவர் என்று யார் கை சும்மா இருந்ததோ அவர்கள்தான் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்தக் கரைசலை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகாலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இதில் இரண்டு வாசல் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒன்று குடலில். இன்னொன்று மருத்துவ உலகத்தில். படிக்காத தாயின் கையில் சிகிச்சையைக் கொடுக்கலாமா என்று அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்தது. மகாலனாபிஸ் அந்த வாசலையும் திறந்தார். திருக்கோஷ்டியூரில் இராமானுஜர் செய்தது ஞாபகம் வருகிறது. குரு அவரைப் பதினெட்டு தடவை நடக்க வைத்துத்தான் மந்திரத்தைக் கொடுத்தார். வாங்கினவர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பாரம்பரியம் அந்த இரண்டு பேரையும் வணங்குகிறது. அலைய வைத்தவரையும்தான். மந்திரம் மலிவானதில்லை என்று காட்டியவர் அவர். அதற்காக அது சிலருடைய சொத்தும் இல்லை என்று காட்டியவர் இவர். நாம் பதினெட்டு தடவையை மட்டும் பிடித்துக்கொண்டு கோபுரத்தை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, சவ்வு தேர்ந்தெடுக்கிறது என்கிறோம். சும்மா நடக்கிற வேலையா அது? இல்லை. உங்கள் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சோடியம் கசிந்து வந்துகொண்டே இருக்கிறது. கசிவை அடைக்க முடியாது. அதனால் சவ்வில் ஒரு பம்பு உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957-இல் டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கோ இதைக் கண்டுபிடித்தது நண்டின் கால் நரம்பில். நாற்பது வருஷம் கழித்து, 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த இறைப்புக்கே போகிறது. தாவரத்தில் இதே வேலைக்குச் சோடியம் பம்பு கிடையாது, வேறொரு பம்பு ஹைட்ரஜனைத் தள்ளி நடத்துகிறது. முறை வேறு, உழைப்பு ஒன்றுதான்.

பழைய மரப்படகு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். தண்ணீரே புகாத மரப்படகு என்று ஒன்று இல்லை. இறைத்துக்கொண்டே போகணும். நம் சமயத்தை, மொழியைக் காப்பாற்றுவதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பாரத்தில் ஒரு வரி எழுதுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, யாருக்கும் வேர்க்காது. வாராவாரம் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு பதிகத்துக்குப் பொருள் சொல்லி, ஏன் திருநீறு பூசுகிறோம் என்று பதின்மூன்று வயசுக்காரன் கேட்கிற கேள்விக்குத் திட்டாமல் பதில் சொல்வது இருக்கே, அதுதான் இறைப்பு. உண்மையைச் சொன்னால், இறைக்க முடியாதபோதுதான் நாங்கள் அந்த வரியை எழுதினோம். ஆசிரியர் கிடைக்கவில்லை, வகுப்பு பாதி நாள் நடக்கவில்லை. செயற்குழு அதைப் பேசாமல் வாசலைப் பற்றிப் பேசியது.

நம் கரையோரத்துச் சதுப்புக் காடுகள் இதை அழகாகச் செய்கின்றன. உப்பிலேயே நின்று வாழ்கிற மரங்கள். பாக்காவ் மரம், தமிழ்நாட்டுப் பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்கள், அது வேரிலேயே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி நிறுத்திவிடும். அப்பி-அப்பி மரம், தமிழில் வெண்கண்டல், வேறு வழி வைத்திருக்கிறது. கொஞ்சம் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையின் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செய்ய வைத்திருக்கிறேன். சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த வெண்கண்டலின் மரபணுக்களை நெல்லுக்குள் செலுத்தி, உப்பு நிலத்தில் தாங்கும் பயிரை உருவாக்கப் பார்த்தார்கள். இரண்டு மரமும் ஒரே சேற்றில் நிற்கின்றன. ஒன்று கண்டிப்பான வாசல், இன்னொன்று தாராளமான வாசலும் கடுமையான உழைப்பும். எது சரி என்று கேட்டால் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. உப்பு இல்லாத இடத்துக்கு ஓடிப்போகிற வழியை மட்டும் இரண்டுமே எடுக்கவில்லை.

அந்தக் காட்டில் இன்னொரு மரம் உண்டு. மலாயில் பூத்தா-பூத்தா என்பார்கள். பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும், அதனால் அந்தப் பெயர். தொடாதீர்கள். அந்த மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தில்லை. சிதம்பரத்தின் தலமரம். தில்லைவனம் என்று பாடப்படுகிற இடம் இந்த உப்புக்காட்டு மரத்தால் பெயர் பெற்றதுதான். நம் பெருமானின் ஆடல் அரங்கு ஒரு சதுப்புக் காட்டின் ஓரத்தில் எழுந்தது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

தில்லை என்றதும் நந்தனார் வந்துவிடுகிறார். சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்கிறார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே போக முடியாமல் இருந்தவர். திருப்புன்கூரில் வாசலில் நின்று பார்த்தபோது நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் சொன்னார். தில்லைக்கு வந்தபோது ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே போகத் துணியவில்லை. கடைசியில் மதிலுக்கு வெளியே வளர்த்த தீயில் இறங்கி எழுந்த பிறகே உள்ளே போனார். நாம் இந்தக் கதையைப் பக்தியின் உச்சம் என்று சமய வகுப்பில் சொல்கிறோம். உச்சம்தான். ஆனால் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: ‘சார், திருப்புன்கூருல நந்தி நகர்ந்துச்சு. தில்லையில ஏன் யாரும் நகரல?’ எனக்குப் பதில் தெரியவில்லை. நகர்ந்தது கல். நகராதது நம்மைப்போல் மனிதர்கள்.

அவர்கள் நகர ஆயிரம் வருஷத்துக்குமேல் ஆயிற்று. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களைக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்ப்பு இருந்தது, கோபம் இருந்தது. மதில் ஒன்றும் இடிந்துவிடவில்லை. இன்றைக்கும் நாலு கோபுரமும் நிற்கின்றன, ஆடி வீதியில் கூட்டமும் குறையவில்லை.

இங்கே ஒரு தடையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். உயிரணுவைக் காட்டி மனுஷனுக்கு நியாயம் சொல்வது ஆபத்தான பழக்கம். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். சவ்வில் இருக்கிற சர்க்கரை வாசல், வருகிற குளுக்கோஸ் அரிசியிலிருந்து வந்ததா மரவள்ளியிலிருந்து வந்ததா என்று கேட்பதில்லை, அதன் வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. இதைச் சொன்னால் என் வாதத்துக்கு வசதி. ஆனால் அதே உடம்பில்தான் இரத்தச் சிவப்பணுவின் சவ்வு ஏ, பி என்று அடையாளம் ஏந்தி நிற்கிறது. தப்பான வகை இரத்தம் ஏறினால் உடம்பு அதை அடித்து உடைத்து, சில சமயம் ஆளையே கொன்றுவிடும். பிறப்பிலேயே வந்த அடையாளம், கொஞ்சமும் இரக்கம் இல்லாத வாசல். அதையும் இயற்கைதான் வைத்திருக்கிறது. ‘பார்த்தியா, இயற்கையே பிறப்பைப் பார்க்குதே’ என்று எதிர்க்கட்சி சொன்னால் என் வாதம் கவிழ்ந்துவிடும்.

ஆகவே இயற்கை நமக்கு வேதம் இல்லை. சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. தப்பு செய்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் புரளவும் அதற்குத் தெரியாது. உயிரணுவுக்கு வெளியே நிற்பது ஒரு மூலக்கூறு. நம் வகுப்புக்கு வெளியே நின்றது, விநாயகர் துதி தெரிந்த ஒரு பையன். மூலக்கூறைத் திருப்பி அனுப்பினால் அது வெட்கப்படுவதில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நாம் பேசும் ‘பாதுகாப்பு’ எல்லாம் உயிரியல்தான், சமயம் இல்லை.

அப்படியானால் சவ்வைப் பற்றி ஏன் இவ்வளவு பேசினேன்? அது எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. வாசல் வேண்டுமா வேண்டாமா என்பதில்லை கேள்வி. வாசல் வேண்டும். வாசலில் என்ன கேட்பது என்பதுதான். ‘நீ யார் வயிற்றில் பிறந்தாய்?’ என்று கேட்கலாம். ‘நீ ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருவாயா? குளித்துவிட்டு வருவாயா? கற்றுக்கொள்வாயா? பக்கத்தில் இருக்கிறவனை மதிப்பாயா?’ என்றும் கேட்கலாம். முதல் கேள்விக்கு எந்தப் பையனாலும் தன் பதிலை மாற்ற முடியாது. இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு அவன்தான் பதில். சில பிள்ளைகள் அதில் தோற்பார்கள். தாயும் தகப்பனும் இந்துவாக இருக்கிற நம் பிள்ளைகளும் தோற்பார்கள். தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது.

‘அப்ப நாளைக்கு யார் வந்தாலும் விட்டுடுவியா? கேலி பண்ண வர்றவனையும்?’ என்று அந்த அண்ணன் கேட்டார். மாட்டேன் அண்ணே. தேவாரம் படிக்கும்போது கைப்பேசி பார்க்கிறவனை நான் வெளியே நிறுத்துவேன், அவன் யார் மகனாக இருந்தாலும். அது அவன் செய்த காரியத்துக்கு. அவன் திருத்திக்கொண்டு அடுத்த வாரம் வரலாம். பிறப்பை எப்படித் திருத்திக்கொண்டு வருவது?

அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன். கோயிலுக்காக அவர் உழைத்த உழைப்பில் பாதிகூட நான் உழைத்ததில்லை. அவருடைய பயத்தை நான் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. ஊரில் இருக்கிற கொஞ்சம் பேரும் கரைந்துபோய்விடுவார்களோ என்று அவர் ராத்திரியில் நினைக்கிறார். நானும் நினைக்கிறேன். பாரத்தில் இருக்கிற அந்த வரி அதைத் தடுக்கும் என்று அவர் நம்புகிறார். அந்த வரி வந்த பிறகு வகுப்பில் சேர்ந்தவர்கள் முன்னைவிடக் குறைவு என்பதைக் காட்டினேன். ‘அது வேற காரணம்’ என்றார். இருக்கலாம். ஆசிரியர் இல்லாத காரணமும் உண்டு.

அந்த வரியை எடுத்துவிட்டு வருகை, நடத்தை, கற்கும் விருப்பம் பற்றிய மூன்று வரிகளைப் போடச் சொல்லிச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. எத்தனை கை தூக்குவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை பாதிதான்.

அந்த அம்மா சந்தையில் கருவாடு விற்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உப்பு மீனுக்குள் இருக்கிற தண்ணீரைச் சவ்வு வழியாக வெளியே இழுத்துவிடுவதால்தான் கருவாடு கெடாமல் இருக்கிறது என்று வகுப்பில் உதாரணம் சொல்கிறவன் நான். இரண்டு தடவை அந்தக் கடைக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தார். இரண்டு தடவையும் கருவாடு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கூட்டம் முடிந்து, முடிவு தெரிந்த பிறகு போனால் மன்றத்தின் பெயரால் அழைக்கலாம். அதற்கு முன்னால் போனால் என் பெயரால் மட்டும்தான் பேச முடியும், அதுவும் மன்னிப்பு கேட்பதற்கு. நாளைக்குச் சனிக்கிழமை. காலையில் சந்தை இருக்கும்.